கேள்வி கேட்டால் வகுப்பே மௌனமாகிவிடுகிறது: பதில்

கேள்வியைக் கேட்டபின் மனத்துக்குள் ஐந்து எண்ணும்வரை வாய் திறக்காதீர்கள். மாணவர் பெயரையும் கேள்விக்குப் பிறகே சொல்லுங்கள், முதலில் சொன்னால் மற்றவர்கள் யோசிப்பதை விட்டுவிடுவார்கள்.

கற்பித்தல் பயிற்சியில் எட்டாம் வகுப்பு பேசவே மறுப்பதாகவும், 40 நிமிடப் பாடம் 25 நிமிடத்தில் முடிந்துவிடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் விடையை நீங்களே சொல்லிவிடுவதுதான் இரண்டுக்கும் காரணமாக இருக்கும். அமெரிக்க அறிவியல் கல்வியாளர் மேரி பட் ரோ ஆராய்ந்தபோது ஆசிரியர்கள் ஏறத்தாழ ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அது மூன்று நொடிக்கு மேல் நீண்டபோது விடைகளும் நீண்டன, தயங்கிய பிள்ளைகளும் பேசினார்கள்.

வழிகாட்டி ஆசிரியரின் அனுமதியோடு ஒரு பாடவேளையைக் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்து, ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு உங்கள் குரல் எப்போது எழுகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

வாய்ப்பாடு போன்ற நினைவுக் கேள்விகளுக்கு இந்தக் காத்திருப்பு உதவாது. 'ஏன்', 'எப்படி' என்று கேட்பவற்றுக்கே பொருந்தும்.