என் மாடிக்கு மேலே ட்ரோன் வந்து நிற்கலாமா?

கேள்வி: சாயங்காலம் துணி எடுக்க மாடிக்குப் போனால், பின்தெருவிலிருந்து ஒரு ட்ரோன் வந்து தலைக்கு மேலே நிற்கிறது. என் மகள் இப்போது மாடிக்கே வருவதில்லை. அதை ஓட்டும் இளைஞரிடம் கேட்டால், “வானம் யாருக்கும் சொந்தமில்லை” என்கிறார். அவர் சொல்வது சரியா? கல்லால் அடித்து வீழ்த்தினால் தப்பா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் மகள் மாடிக்கு வருவதையே விட்டுவிட்டாள் என்று படித்ததும் வயிறு எரிந்தது. நிலம் அளக்க ட்ரோன் விடுவதுதான் என் பிழைப்பு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், ஒரு பெண்ணின் தலைக்கு மேலே கேமராவை நிறுத்தி வைக்க எந்த வேலையிலும் அவசியம் வராது.

அவர் சொல்வது பாதிதான் சரி. நிலம் யாருடையதோ, அதற்கு மேல் வானம் வரைக்கும் அவருடையது என்று மேலை நாட்டுச் சட்டத்தில் ஒரு பழைய விதி உண்டு. 1946-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், காஸ்பி வழக்கில், இந்தக் காலத்துக்கு அது ஒத்துவராது என்று சொல்லிவிட்டது. வட கரோலினாவில் ஒரு கோழிப்பண்ணை. ராணுவ விமானங்கள் அந்த வீட்டுக் கூரைக்கு 67 அடி மேலே இறங்கிப் போய்க்கொண்டிருந்தன. சத்தத்தில் மிரண்டு, சுவரில் மோதியே சுமார் 150 கோழிகள் செத்தன, பண்ணைத் தொழிலையே கைவிட வேண்டியதாயிற்று. மேலே உள்ள வானம் எல்லோருக்கும் பொது, ஆனால் நிலத்தை அனுபவிக்கத் தேவையான, தரையை ஒட்டிய வெளி நிலக்காரருடையது என்றது நீதிமன்றம். அது எத்தனை அடி வரை என்று மட்டும் சொல்லவில்லை. ட்ரோன்கள் பறப்பது பெரும்பாலும் அந்தச் சொல்லாமல் விட்ட உயரத்தில்தான்.

அதனால் அடிக்கணக்கை வைத்து அவரோடு வாதாடாதீர்கள். உங்களுக்குக் கைகொடுக்கக்கூடியது 1970-களில் இங்கிலாந்தில் நடந்த ஒரு வழக்கு. பெர்ன்ஸ்டீன் பிரபுவின் வீட்டை ஒரு நிறுவனம் விமானத்திலிருந்து படம் எடுத்து, அவரிடமே விற்க வந்தது. அவர் வழக்குப் போட்டுத் தோற்றார். மேலே பறந்து ஒரே ஒரு படம் எடுப்பது அத்துமீறல் ஆகாது என்றார் நீதிபதி. அவர் இன்னொன்றும் சொன்னார்: வானத்திலிருந்து ஒருவரை ஓயாமல் கண்காணித்து, அவர் செய்வதையெல்லாம் படம் பிடித்தால் அது அந்தரங்கத்தின் மீதான கொடிய தாக்குதல், அதற்கு நீதிமன்றம் பரிகாரம் தரக்கூடும். உங்கள் விஷயம் இந்த இரண்டாவது வகை. ஒருநாள் கடந்து போன ட்ரோன் வேறு, தினமும் வந்து நிற்கும் ட்ரோன் வேறு.

உயரம் ஏன் முக்கியம் என்றும் சொல்லிவிடுகிறேன். ஜூம் இல்லாத சாதாரண ட்ரோன் கேமரா 120 மீட்டர் உயரத்திலிருந்து நேர் கீழே பார்த்தால், மனித முகம் படத்தில் மூன்று நான்கு புள்ளி (பிக்சல்) அகலம்தான் இருக்கும். ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. அதே கேமரா 10 மீட்டரில் நின்றால் முகம் நாற்பது புள்ளி அகலம் வரும், தெரிந்தவர் பார்த்தால் யாரென்று சொல்லிவிடுவார்.

ஆகவே ஒரு நோட்டில் தேதி, நேரம், எவ்வளவு நேரம் நின்றது, எந்தப் பக்கம் திரும்பிப் போனது என்று எழுதி வாருங்கள். போனில் வீடியோ எடுக்கும்போது வெறும் வானத்தை எடுக்காதீர்கள். கைப்பிடிச் சுவரோ, தண்ணீர்த் தொட்டியோ, ஜன்னல் விளிம்போ ட்ரோனோடு சேர்ந்து தெரியட்டும், அதை வைத்து உயரத்தைக் கணக்குப் போட முடியும். இவற்றோடு போலீசில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். “வான்வெளி” என்று ஆரம்பிக்காமல் “என்னையும் என் மகளையும் தொடர்ந்து படம் பிடிக்கிறார்” என்றே எழுதுங்கள். ஒளிந்திருந்து பார்ப்பது, பின்தொடர்வது ஆகியவற்றுக்கான சட்டங்கள் பல நாடுகளில் ட்ரோன் வருவதற்கு முன்பிருந்தே இருக்கின்றன.

கல் மட்டும் வேண்டாம். 2019-ல் ஜெர்மனியின் ரீசா நகரில், தன் வீட்டுக்கு மேலே தாழப் பறந்த ட்ரோனை ஏர்கன்னால் சுட்டவரை நீதிமன்றம் விடுவித்தது உண்மைதான். அதை நம்பி இறங்காதீர்கள், அமெரிக்காவில் ட்ரோனும் சட்டப்படி விமானம், அதைச் சுடுவது மத்தியச் சட்டப்படி குற்றம். அதோடு அடிபட்ட ட்ரோன் யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது. நசுங்கிய லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும்.

கேள்வி: மைதானத்துக்குப் போக என் ட்ரோன் இரண்டு வீடுகளைக் கடக்க வேண்டியிருக்கிறது. அது தப்பா?
- பள்ளி மாணவர் ஒருவர்

பதில்: ட்ரோனைக் கையில் எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு நடந்து போய் அங்கே பறக்க விடு தம்பி. கடந்தே ஆக வேண்டுமானால் அந்த இரண்டு வீட்டிலும் முதலில் கேட்டுக்கொள். சரி என்றால், உங்கள் ஊர் விதி அனுமதிக்கும் உயரத்துக்குள் நன்றாக மேலே ஏற்றி, நிற்காமல் கடந்து போ. கேமரா கீழே பார்க்க வேண்டாம்.

கேள்வி: 250 கிராமுக்குக் கீழே இருக்கும் ட்ரோனுக்கு எந்த விதியும் கிடையாதாமே?
- ஒரு வாசகர்

பதில்: பல நாடுகளில் பதிவு, உரிமம் போன்றவற்றில்தான் அந்தச் சலுகை. அடுத்தவர் படுக்கையறையைப் படம் எடுத்தால், ட்ரோன் எத்தனை கிராம் என்று யாரும் பார்க்கப் போவதில்லை.