சிசிஎன்பி படிப்பில் ஏன் இந்த மௌனம்?

கேள்வி: மொரிஷியஸின் ரோஸ்ஹில்லில் வசிக்கிறேன், எபேன் சைபர் சிட்டியில் நெட்வொர்க் பிரிவில் வேலை. சிஸ்கோ நிறுவனத்தின் அடிப்படை நெட்வொர்க் சான்றிதழான சிசிஎன்ஏ படித்தபோது எங்கள் படிப்புக் குழுவில் நள்ளிரவிலும் பதில் வரும். இப்போது அதற்கு அடுத்த நிலையான சிசிஎன்பிக்குத் தயாராகிறேன். சந்தேகம் கேட்டால் ஒரு வாரம் ஆனாலும் யாரும் வாய் திறப்பதில்லை. சான்றிதழின் மதிப்பு குறைந்துவிட்டதா? விட்டுவிடலாமா?

பதில்: தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். மதிப்புக்கும் இந்த மௌனத்துக்கும் தொடர்பில்லை.

சிசிஎன்ஏ கட்டத்தில் '/26 சப்நெட்டில் (முகவரிகளின் ஒரு சிறு பிரிவில்) எத்தனை கருவிகளுக்கு முகவரி கொடுக்கலாம்?' என்று கேட்டால், நேற்றுப் படித்தவரே 62 என்று சொல்லிவிடுவார். உங்கள் இப்போதைய கேள்விகள் அப்படிப்பட்டவையா? 'ஓஎஸ்பிஎஃப் அண்டை உறவு எக்ஸ்ஸ்டார்ட் நிலையிலேயே நிற்கிறது, ஏன்?' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ரவுட்டர்கள் தங்களுக்குள் வழித்தகவல்களைப் பகிர்ந்துகொள்ளும் முறைதான் ஓஎஸ்பிஎஃப்; எக்ஸ்ஸ்டார்ட் என்பது அந்தப் பரிமாற்றம் தொடங்கும் கட்டம். ரவுட்டர்கள் அறிமுகம் செய்துகொள்ளும் ஹலோ பாக்கெட்டுகள் போய்வருகின்றன, இணைப்பைச் சோதிக்கும் பிங்கும் வேலை செய்கிறது. பெரும்பாலும் இரு முனைகளின் எம்டியூ அளவு (ஒரே பாக்கெட்டில் அனுப்பக்கூடிய அதிகபட்ச பைட்டுகள்) பொருந்தாததுதான் காரணம்: ஒன்றில் 1500, மற்றொன்றில் 1400 என்று இருக்கும். சிசிஎன்ஏ பாடம் இவ்வளவு ஆழத்துக்குப் போவதில்லை. சிஸ்கோ ரவுட்டரின் வழக்கமான பிங் 100 பைட்தான் என்பதால் அது தடையின்றிப் போய்விடும். 1500 பைட்டில், துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு அனுப்பிப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். இதைச் சொல்லக்கூடியவர் உங்கள் கன்ஃபிகரேஷனைப் பார்க்காமல் வாய் திறக்க மாட்டார். தவறாகச் சொன்னால் ஒரு அலுவலகத்தின் இணைப்பே அறுந்துபோகும் என்று அவருக்குத் தெரியும்.

பேசத் தடைகளும் உண்டு. தேர்வு எழுதுபவர் ஒவ்வொருவரும் வினாக்களை வெளியிடமாட்டேன் என்ற ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டே உட்காருகிறார். எபேனில் வெளிநாட்டு வாடிக்கையாளருக்காக வேலை செய்பவர், அவருடைய நெட்வொர்க் வரைபடத்தை எடுத்துவந்து காட்டவும் முடியாது. மூன்றாண்டுக்கு ஒருமுறை வரும் சான்றிதழ் புதுப்பித்தலையும் பலர் 80 கல்விப் புள்ளிகள் சேர்த்தே முடித்துவிடுகிறார்கள். தேர்வே இல்லாதபோது படிப்புக் குழு எதற்கு? இவை எல்லாவற்றையும்விட எனக்கு வருத்தம் தருவது ஒன்று உண்டு. மூத்த பொறியாளர் என்று பெயர் வாங்கிய பிறகு, 'எனக்கு இது புரியவில்லை' என்று சொல்லப் பலர் கூசுகிறார்கள். அந்தக் கூச்சத்தால் நல்ல கேள்விகள் பிறக்காமலே போகின்றன.

ஆகவே கேட்கும் முறையை மாற்றுங்கள். 'ஏன் வேலை செய்யவில்லை?' என்று மட்டும் கேட்காதீர்கள். இரு ரவுட்டர்களின் கன்ஃபிகரேஷன், 'ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் நெய்பர்' கட்டளை காட்டியது, நீங்கள் ஏற்கெனவே முயன்றவை, உங்கள் ஊகம் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். அலுவலக முகவரிகள் வேண்டாம். ஈவ்-என்ஜி அல்லது ஜிஎன்எஸ்3 போன்ற, நெட்வொர்க்கைக் கணினியிலேயே உருவாக்கிப் பார்க்கும் மென்பொருளில் அதே பிரச்சினையைச் சிறிதாக உருவாக்கி அதைக் காட்டுங்கள். உருவாக்கும்போதே பாதிக் கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும்.

பெரிய குழுவைத் தேடவும் வேண்டாம், ஒரே ஒரு துணை போதும். வாரம் ஒரு மாலை, ஒருவர் லேபில் வேண்டுமென்றே ஒரு பிழையை நுழைக்கட்டும், மற்றவர் கண்டுபிடிக்கட்டும். சிசிஎன்பிக்கு அடுத்த நிலையான சிசிஐஇயின் செய்முறைத் தேர்வின் எட்டு மணி நேரத்துக்கும் இதே பழக்கம் கைகொடுக்கும். குழப்பம் வந்தால் மூல ஆவணத்துக்கே போங்கள்: ஓஎஸ்பிஎஃப் பதிப்பு 2-க்கு 1998-இல் வந்த ஆர்எஃப்சி 2328. எம்டியூ பற்றிய விதியும் அதில்தான் இருக்கிறது.

ஆப்பிரிக்காவுக்கு ஐபி முகவரிகளைப் பகிரும் ஆஃப்ரினிக் அமைப்பின் தலைமையகம் உங்கள் எபேனிலேயே இருக்கிறது. அது புதிய தலைமுறை ஐபி முகவரி முறையான ஐபிவி6 பற்றிய பயிற்சிகளை நடத்திவந்திருக்கிறது. அப்படிப்பட்ட பயிற்சிகளுக்கு நேரில் போங்கள். எழுத்தில் பதில் சொல்லாதவர்கள் தேநீர் இடைவேளையில் தாராளமாகப் பேசுவார்கள்.

சிசிஎன்பியில் நிறுவன நெட்வொர்க்குகளுக்கான எண்டர்பிரைஸ் பிரிவுக்கு இரண்டு தேர்வுகள். பொதுத் தேர்வான என்கோரை முடித்தபின், ரவுட்டிங் உங்கள் அன்றாட வேலை என்றால் இரண்டாவதாக மேம்பட்ட ரவுட்டிங் தேர்வான எனார்சியைத் தேர்ந்தெடுங்கள். பிழை தேடும் பயிற்சி அதில்தான் நேரடியாகப் பயன்படும்.