மழையில் பின்பக்கம் இழுக்கும் 86: காசை முதலில் டயரில் போடுங்கள்

ஹட்டனிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "2013 டொயோட்டா 86 ஒன்று வாங்கினேன். முன்பு வைத்திருந்தவர் 18 அங்குல அலோய் வீலில் நான்கு பக்கமும் 225/35 டயர் போட்டு, காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங்கும் மாட்டியிருக்கிறார். போன மாதம் முன்னால் மட்டும் இரண்டு புது டயர் போட்டேன். மழையில் கினிகத்தேனைப் பக்கம் இறங்கும்போது, முடக்கில் அக்ஸிலரேட்டரை விட்டால் பின்பக்கம் வெளியே இழுக்கிறது. கொயிலோவர் போட்டால் சரியாகும் என்கிறார்கள். போடலாமா?"

கொயிலோவர் என்பது உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய, ஸ்பிரிங்கும் ஷொக்கும் (அதிர்வுதாங்கி) சேர்ந்த தொகுதி. இப்போதைக்கு அது வேண்டாம். முதலில் இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது: முன்னால் இருக்கும் புது டயர் இரண்டையும் பின்னால் மாற்றுங்கள். நான்கும் ஒரே அளவு என்பதால் அரை மணி நேர வேலைதான். இறக்கத்தில் காரின் பாரம் இயல்பாகவே முன்னுக்குச் சாயும், பின்பக்கம் இலேசாகும். அந்த நேரம் அக்ஸிலரேட்டரை விட்டால் இன்னும் கொஞ்சம் பாரம் முன்னுக்குப் போகும். அதோடு, 86 பின் சக்கரங்களால் ஓடும் கார் என்பதால் எஞ்சின் காரைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும் விசை முழுவதும் பின் டயர்கள் மேல்தான் விழும். அங்கே இருப்பதோ தேய்ந்த டயர். முன் சக்கரம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்க இடமுண்டு. பின் சக்கரம் வழுக்கினால் கார் சுழன்றுவிடும். நம் ரோட்டில் ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். சுழல இடமில்லை.

அப்புறம் நிதானமாக நான்கு டயரையும் மாற்றுங்கள், 17 அங்குல ரிம்முக்குத் திரும்பி. இந்தக் காரின் வழக்கமான அளவு 215/45 ஆர்17: டயரின் அகலம் 215 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அதில் 45 வீதம், ரிம் 17 அங்குலம். அதில் டயரின் பக்கச்சுவர் உயரம் ஏறத்தாழ 97 மில்லிமீட்டர். உங்களுடைய 225/35 ஆர்18இல் 79தான். அந்த 18 மில்லிமீட்டர் வித்தியாசம் பார்வைக்கு அழகு, ஆனால் குழியும் ஒட்டுப்போட்ட தாரும் நிறைந்த ரோட்டில் அது பெரிய இழப்பு. சிறு மேடுபள்ளங்களை முதலில் வாங்கிக்கொள்வது டயரின் பக்கச்சுவர்தான். அது குறைந்தால் அதிர்ச்சி நேரே சஸ்பென்ஷனுக்குப் போகும், டயர் ரோட்டை விட்டு எழும்பும். ரோட்டைத் தொடாத டயருக்குப் பிடிமானம் என்று ஒன்று கிடையாது.

புதிய 86 வெளிவந்தபோது பல நாடுகளில் அதோடு வந்தது மிச்செலின் பிரைமசி, சாதாரண குடும்பக் காருக்கும் போடும் டயர். பிடி அளவோடு இருக்கும், ஆனால் விடுவதற்கு முன் மெதுவாக எச்சரிக்கும். மலைநாட்டுக்கு அந்தக் குணம் மிகவும் பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து. பந்தயத்துக்கான செமி ஸ்லிக் டயரைத் தொடவே வேண்டாம். அது சூடேறினால்தான் பிடிக்கும். தலவாக்கலையின் குளிர்ந்த ஈரக் காலையில் அது சூடேறவே போவதில்லை. வட்டவளை, கினிகத்தேனை எல்லாம் நாட்டிலேயே அதிக மழை பெய்யும் இடங்கள். கான் அடைத்து ரோட்டுக்குக் குறுக்கே தண்ணீர் பாயும் முடக்குகள் உங்களுக்கே தெரியும். மழைப் பிடிக்குப் பெயர்பெற்ற டயரையே கேளுங்கள், நான்கும் ஒரே கம்பனி, ஒரே மாடல். பக்கச்சுவரில் உள்ள கடைசி நான்கு இலக்கத்தையும் பாருங்கள்: 2318 என்றிருந்தால் அது 2018ஆம் ஆண்டு 23ஆம் வாரம் செய்தது. தவாளிப்பு ஆழமாக இருந்தாலும் பழைய ரப்பர் இறுகிப்போயிருக்கும். மலிவுக்குக் கிடைக்கும் பழைய டயரில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். தேய்மானக் குறி 1.6 மில்லிமீட்டரில் இருந்தாலும், மழை ரோட்டுக்கு 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது நல்லது.

சரி, ஸ்பிரிங். தாழ்த்திய காரில் சஸ்பென்ஷன் இறங்க மிஞ்சியிருக்கும் தூரம் குறைவு. முடக்கின் நடுவில் ஒரு குழி வந்தால் ஷொக்கின் ரப்பர் தடுப்பில் போய் இடிக்கும். அந்தக் கணத்தில் அந்தச் சக்கரத்துக்கு ஸ்பிரிங்கே இல்லாத மாதிரி; பிடி சட்டென்று அறுந்துவிடும். உங்கள் காரில் இது நடக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. ஷொக்கின் தூசு உறையை மேலே ஏற்றிக் கட்டிவிட்டு, பளபளக்கும் தண்டில் ஒரு கேபிள் டையை இறுக்கி, கீழே தள்ளிவிடுங்கள். வழக்கமான பாதையில் ஒருமுறை மெதுவாகப் போய்வந்து பாருங்கள். டை ரப்பர் தடுப்பு வரை ஏறியிருந்தால் சந்தேகமே வேண்டாம்: பழைய உயரத்துக்கு அசல் ஸ்பிரிங்கை மாட்டுங்கள். 86இன் முன்பக்கம் மெக்பர்சன் ஸ்ட்ரட், அதாவது ஷொக்கே சக்கரத்தைப் பிடிக்கும் தூணாகவும் நிற்கும் வகை. அதை அதிகம் தாழ்த்தினால் சக்கரத்தைக் காரோடு இணைக்கும் கீழ்க் கைகளின் சாய்வு கெட்டு, கார் சாய்வதற்கான நெம்புவிசை கூடுகிறது. அதை அடக்க இன்னும் கடினமான ஸ்பிரிங், அதனால் இன்னும் குறைந்த ஈரப்பிடி. 2013 கார் என்பதால் ஷொக்குகளில் எண்ணெய்க் கசிவையும் பாருங்கள்.

மலை ஏறினால் டயரின் காற்றழுத்தம் மாறிவிடும் என்று பலரும் பயப்படுவது வீண். கொழும்பில் 30 பாகை வெயிலில் அடித்த காற்று, 1868 மீட்டர் உயர நுவரெலியாவின் குளிரில் சுமார் இரண்டரை பிஎஸ்ஐ குறையும். ஆனால் மேலே வெளிக்காற்றின் அழுத்தமும் குறைவதால் மானி கிட்டத்தட்ட மூன்று பிஎஸ்ஐ கூட்டிக் காட்டும். இரண்டும் ஏறக்குறையச் சரியாகிவிடுகிறது. காலையில் கார் ஓடுமுன், கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்கு அடித்தால் போதும். இறுக்கி அடித்தால் மழையில் நல்லது என்பதை நம்பாதீர்கள்.

கொயிலோவர் கெட்ட பொருள் அல்ல. நுவரெலியாவில் 1934இல் தொடங்கிய மஹகஸ்தோட்ட மலையேற்றப் போட்டி போன்றதற்கு, மூடிய பாதையில், பழகிய ஒரே தூரத்துக்கு அமைத்துக்கொள்ள அது உதவும். பஸ்ஸும் கொழுந்து லொறியும் எதிரே வரும் ரோட்டுக்கு அது தேவையில்லை.

காரின் உயரம் மாறியதும் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) கட்டாயம், நான்கு சக்கரத்துக்கும். பின் சக்கரங்கள் சற்றே உள்நோக்கி இருக்கும்படி கேளுங்கள். வெளிநோக்கி இருந்தால், பின்பக்கம் வெளியே இழுக்கும் இப்போதைய தொல்லை திரும்ப வரும். புது டயரின் மேல் வழவழப்பு போகும்வரை, முதல் சில நூறு கிலோமீட்டருக்கு மழையில் இன்னும் மெதுவாகவே ஓட்டுங்கள்.