200 விண்ணப்பம், 6 போன், 2 நேர்முகம்: கோளாறு எங்கே?

கேள்வி: வணிகவியல் பட்டம் முடித்து 14 மாதங்கள் ஆகின்றன. கணக்குப் பிரிவில் வேலை தேடுகிறேன். இணையத்தில் 200 இடங்களுக்கு விண்ணப்பித்துவிட்டேன். ஆறு இடங்களிலிருந்து போன் வந்தது. நேர்முகத்துக்கு அழைத்தது இரண்டே இடம். 'புதியவர்கள் விண்ணப்பிக்கலாம்' என்று போட்டுவிட்டு உள்ளே இரண்டு வருட அனுபவம் கேட்கிறார்கள். மேலே படி என்கிறார் அம்மா. கிடைத்த வேலைக்குப் போ என்கிறார் அப்பா. ஓரிடத்தில் சம்பளமில்லாத பயிற்சிக்குக் கூப்பிடுகிறார்கள். ஒரு ஏஜென்சி பதிவுக் கட்டணம் கேட்கிறது. குறை என்னிடம்தானா? என் ரெஸ்யூமேயையும், விண்ணப்பித்த தேதிகளின் பட்டியலையும் இணைத்திருக்கிறேன்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் கடிதத்தில் அந்த மூன்று எண்களைத்தான் முதலில் கவனித்தோம். நூறு விண்ணப்பத்துக்கு மூன்று போன். ஆறு போனில் இரண்டு நேர்முகமாக மாறியிருக்கிறது, அது மோசமில்லை. இரண்டே நேர்முகத்தை வைத்து நீங்கள் எப்படிப் பேசுகிறீர்கள் என்று யாரும் தீர்ப்பு சொல்ல முடியாது. ஆக, விண்ணப்பம் போய்ச் சேர்வதற்கும் போன் வருவதற்கும் இடையில்தான் அறுபடுகிறது. நேர்முகப் பயிற்சி, ஆளுமை வளர்ச்சி என்று எந்த வகுப்பிலும் இப்போதைக்குப் பணம் கட்டாதீர்கள்.

குறை உங்களிடம் மட்டும் இல்லை. பில்களைக் கணினியில் ஏற்றுவது, இரண்டு பட்டியலை ஒப்பிட்டு டிக் போடுவது போன்றவை முன்பு புதிதாகச் சேர்கிறவரின் வேலை. அதைச் செய்துகொண்டேதான் தொழில் பழகினார்கள். அதில் கணிசமான பகுதியை இன்று மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. மிச்சமிருப்பது மென்பொருள் போட்ட கணக்கில் தப்பு எங்கே என்று பிடிக்கிற வேலை. அதற்குப் பழகிய கண் வேண்டும். பழக்கிவிட்டால் அடுத்த வருடமே வேறிடம் போய்விடுவார் என்று பயந்து, பழக்குவதையே கைவிட்ட நிறுவனங்களும் உண்டு. போதாததற்கு, ஒரே பட்டனில் விண்ணப்பிக்கும் வசதி. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, நூறு பேரின் விண்ணப்பக் கடிதமும் ஒரே அச்சில் வார்த்தது போல வருகிறது. ஆள் எடுப்பவர் எல்லாவற்றையும் படிப்பதில்லை. தேடல் பெட்டியில் இரண்டு மூன்று சொல்லைப் போட்டு, மேலே வருகிற சிலவற்றைத் திறப்பார்; ஐந்தாறு பேர் தேறிவிட்டால் நிறுத்திவிடுவார்.

'விண்ணப்பங்களை வாங்கும் மென்பொருளே நிராகரித்துவிடுகிறது' என்று பரவலாகச் சொல்வது பாதி உண்மை. பெரும்பாலும் அது எதையும் சலித்து நீக்குவதில்லை, சேமித்து வரிசைப்படுத்துகிறது. உடனே தூக்கி எறிவது விண்ணப்பப் படிவத்தில் வரும் ஆமாம்–இல்லை கேள்விகள்: இந்த ஊரில் வேலை செய்யச் சம்மதமா, இத்தனை வருட அனுபவம் உண்டா, எதிர்பார்க்கும் சம்பளம் எவ்வளவு. விண்ணப்பித்த ஐந்து நிமிடத்தில், நள்ளிரவில் மறுப்பு மெயில் வந்தால் இதில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். அனுபவக் கேள்விக்குப் பொய் சொல்லாதீர்கள். முதல் போனிலேயே மாட்டிக்கொள்வீர்கள். அப்படிக் கேட்கிற விளம்பரத்தை விட்டுவிடுங்கள். அந்தக் கேள்வி இல்லாமல், விளம்பர வாசகத்தில் மட்டும் 'ஒன்று முதல் இரண்டு வருடம்' என்று இருந்தால் தாராளமாக விண்ணப்பிக்கலாம். பல இடங்களில் அது பழைய விளம்பரத்தை அப்படியே நகலெடுத்துப் போட்டது, அல்லது பிரிவுத் தலைவரின் ஆசைப் பட்டியல். மூன்றுக்கு மேல் கேட்டால் நிஜமாகவே கேட்கிறார்கள்.

இனி உங்கள் ரெஸ்யூமே. அந்த பி.டி.எஃப். கோப்பைத் திறந்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். நாங்கள் பார்த்தோம். இடது பத்தியின் வரியும் வலது பத்தியின் வரியும் பின்னிக்கொண்டு, 'வணிகவியல் இளங்கலை' என்பதன் நடுவே உங்கள் மின்னஞ்சல் வந்து நிற்கிறது. எக்செல், டேலி என்ற சொற்கள் எங்குமே இல்லை. வடிவமைப்புத் தளம் அவற்றைப் படமாக மாற்றிவிட்டிருக்கிறது. எக்செல் என்று தேடுகிறவருக்கு நீங்கள் கிடைக்கவே மாட்டீர்கள். அந்த 200-ல் எத்தனை இப்படிப் போயிருக்கும் என்று யோசிக்க வேண்டாம், கோப்பை மாற்றுங்கள்.

இடது, வலது என்று பிரிக்காமல் ஒரே பத்தி, ஒரே பக்கம், வழக்கமான எழுத்துரு, 11 அளவு. தொலைபேசி எண்ணை வேர்டின் ஹெடர் பகுதியில் வைக்காமல் உடல் பகுதியிலேயே முதல் வரியாக வையுங்கள். சில மென்பொருள்கள் ஹெடரைப் படிப்பதில்லை. திறமைக்கு ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் போடும் பட்டைகளை எடுத்துவிடுங்கள். எக்செல்லில் நான்கு நட்சத்திரம் என்றால் என்னவென்று யாருக்கும் தெரியாது. 'சவாலான சூழலில் என் திறமையை வெளிப்படுத்தி' என்று தொடங்கும் குறிக்கோள் பத்தியும் வேண்டாம். கோப்பின் பெயர் 'ஃபைனல் புதுசு 2' என்றிருக்கிறது. உங்கள் பெயரும் பதவியின் பெயரும் போதும்.

'கல்லூரி விழாவில் பொருளாளர்' என்று ஒரு வரி கடைசியில் ஒதுங்கிக் கிடக்கிறது. உங்களிடம் இருக்கும் ஒரே கணக்கு அனுபவம் அதுதான். அதை இப்படி எழுதிப் பாருங்கள்: 'துறை விழாவின் வரவு செலவை எக்செல்லில் பராமரித்தேன், 140 ரசீதுகளை வங்கி அறிக்கையுடன் ஒப்பிட்டு, விடுபட்ட 3 பதிவுகளைக் கண்டுபிடித்து, இறுதிக் கணக்கு ஒப்படைத்தேன்.' எண்கள் உதாரணத்துக்கு. உங்களுடைய நிஜ எண்ணைப் போடுங்கள். எதை, எவ்வளவு, எதைக் கொண்டு, முடிவு என்ன என்ற நான்கும் ஒரு வரியில் வந்துவிட்டால் போதும்.

அனுபவம் இல்லாதவர் கையில் காட்டுவதற்கு ஒரு மாதிரி வேலை இருக்க வேண்டும். கணக்குத் துறையில் இதை ஒரு வார இறுதியில் செய்துவிடலாம், பலரும் செய்வதில்லை. எக்செல்லில் 60 வரிகளுடன் ஒரு கற்பனை நிறுவனத்தின் வங்கிப் புத்தகம் (வங்கி வரவு செலவை நிறுவனமே எழுதி வைக்கும் ஏடு) தயார் செய்யுங்கள். அதற்கு எதிரே ஒரு வங்கி அறிக்கை. நடுவில் ஐந்து பிழைகளை வேண்டுமென்றே விடுங்கள்: கொடுத்தும் வங்கியில் போடப்படாத காசோலை, ஏட்டில் ஏறாத வங்கிக் கட்டணம், இருமுறை பதிந்த தொகை, 540-க்குப் பதில் 450, வரவுக்குப் பதில் செலவுப் பக்கத்தில் எழுதியது. பிறகு வங்கிச் சரிகட்டும் பட்டியல் (ஏட்டின் இருப்பும் வங்கியின் இருப்பும் எங்கே வேறுபடுகின்றன என்று காட்டுவது) போட்டு, ஒவ்வொரு பிழையும் எப்படிப் பிடிபட்டது என்று அரைப் பக்கம் எழுதுங்கள். வித்தியாசம் 9-ஆல் மீதியின்றி வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம் (540 கழித்தல் 450, அதாவது 90). வித்தியாசத்தில் சரிபாதித் தொகை ஏட்டில் எங்காவது இருந்தால் பக்கம் மாறி எழுதியிருக்கலாம். இதை நேர்முகத்தில் ஒரு முறை சொல்லிப் பாருங்கள், எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். வேறு துறைக்காரர்களுக்கும் இதே வழிதான், மாதிரி மட்டும் மாறும்.

வாரத்துக்குச் சராசரியாக மூன்று நான்கு அனுப்பியிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் பட்டியலைப் பார்த்தால் சில நாட்களில் ஒரே மூச்சில் இருபது, பிறகு மூன்று வாரம் ஒன்றுமில்லை. மனம் சோர்ந்தால் அப்படித்தான் ஆகும். ஆனால் விளம்பரம் வந்த முதல் இரண்டு நாளில் போகும் விண்ணப்பத்துக்குத்தான் திறக்கப்படும் வாய்ப்பு அதிகம். ஒரு மாதத்துக்கு மேல் தொங்கும் விளம்பரத்தில் பெரும்பாலும் ஆள் எடுத்தாகிவிட்டது, அல்லது எடுக்கும் எண்ணமே இல்லை. நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் அதே வேலை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அங்கேயே விண்ணப்பியுங்கள், இல்லையென்றால் தாண்டிப் போங்கள். வாரத்துக்கு எட்டு முதல் பத்து போதும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் முக்கால் மணி நேரம். விளம்பரத்தில் 'கடனாளிகள் வயதுப் பட்டியல்' (யாருடைய பாக்கி எத்தனை நாளாக நிற்கிறது என்ற கணக்கு) என்று இருந்து, உங்களுக்கு அது தெரியும் என்றால், அதே சொல் உங்கள் ரெஸ்யூமேயில் இருக்கட்டும். அனுப்பியதை ஒரு தாளில் குறித்து வையுங்கள்: நிறுவனம், பதவி, தேதி, எந்த ரெஸ்யூமே, அடுத்து நடந்தது. போன் வரும்போது 'எந்தக் கம்பெனிங்க?' என்று கேட்பவரை அங்கேயே கழித்துவிடுகிறார்கள். உங்கள் நான்கு போன் அப்படிப் போயிருக்கவும் கூடும்.

முப்பது அனுப்பிய பிறகு மறுபடி எண்ணுங்கள். போன் வரவில்லையென்றால் கோளாறு இன்னும் ரெஸ்யூமேயிலோ நீங்கள் தேர்ந்தெடுக்கும் விளம்பரத்திலோதான். போன் வந்து நேர்முகம் வரவில்லையென்றால் சம்பளம், ஊர், பேச்சு இவற்றைப் பாருங்கள். நான்கைந்து நேர்முகம் போயும் கிடைக்கவில்லையென்றால்தான் நேர்முகப் பயிற்சிக்கு அவசியம் வரும்.

இணையத்தை மட்டும் நம்ப வேண்டாம் என்பதற்குப் பழைய ஆதாரம் ஒன்று உண்டு. தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களை மார்க் கிரனோவெட்டர் என்ற சமூகவியலாளர் ஆராய்ந்து 1973-ல் எழுதினார். தகவல் தந்தவரை அடிக்கடி சந்தித்தவர்கள் ஆறில் ஒரு பங்குதான். பாதிக்கும் மேற்பட்டோர் எப்போதாவது பார்க்கிற ஆளிடமிருந்து பெற்றிருந்தார்கள். நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது உங்களுக்கும் தெரிந்திருக்கும். தூரத்து அறிமுகத்துக்குத்தான் வேறு இடத்துச் செய்தி தெரியும். லிங்க்ட்இன்னில் 2 கோடிப் பேரை வைத்துச் செய்து 2022-ல் வெளியான பரிசோதனையும் ஏறக்குறைய இதையே காட்டியது. மிக மெல்லிய அறிமுகத்தைவிடச் சற்றே பழக்கமானவர் அதிகம் உதவுகிறார் என்ற திருத்தத்தோடு.

கல்லூரியில் இரண்டு மூன்று வருடம் மூத்தவர்கள் இதற்குச் சரியான ஆட்கள். 'வேலை இருந்தா சொல்லுங்க' என்று அனுப்பினால் 'சரிம்மா' என்று பதில் வரும், அத்தோடு முடிந்தது. இப்படி அனுப்புங்கள்: 'வணக்கம் அக்கா, நான் உங்களுக்கு இரண்டு வருடம் ஜூனியர், அதே வணிகவியல் துறை. நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பதாகப் பார்த்தேன். உங்கள் இடத்தில் புதிதாகச் சேர்பவருக்கு முதல் மூன்று மாதம் என்ன வேலை தருவார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. இந்த வாரம் பத்து நிமிடம் போனில் பேச முடியுமா?' வேலை கேட்கவில்லை, பதில் சொல்லச் சங்கடமும் இல்லை. பேசி முடித்ததும் அந்த மாதிரி வேலையை அனுப்பி, எங்கே திருத்தலாம் என்று கேளுங்கள். இடம் காலியானால் உங்கள் பெயர் அவர் நினைவுக்கு வரும்.

அம்மாவுக்குப் பதில்: நீங்கள் விரும்பும் பதவிக்கான 20 விளம்பரங்களை எடுத்து, என்ன தகுதி கேட்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். முதுகலைப் பட்டம் பத்துக்கு மேல் வந்தால் படியுங்கள். நாங்கள் பந்தயம் கட்டினால் வராது என்றுதான் கட்டுவோம்.

அப்பா சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. கிடைத்த வேலை என்று எதையாவது பிடிக்காமல், கணக்கை ஒட்டிய வேலையைப் பிடியுங்கள்: பில் போடும் கவுன்ட்டர், கிடங்கு இருப்புக் கணக்கு, வாடிக்கையாளரிடம் பாக்கி வசூல், மகப்பேறு விடுப்பில் போனவரின் இடத்தில் ஆறு மாத ஒப்பந்தம், வருடக் கணக்கு முடிக்கும் பருவத்தில் தணிக்கை அலுவலகத்தில் தற்காலிக வேலை. சின்ன நிறுவனங்கள் இணையத்தில் விளம்பரமே போடுவதில்லை. நேரில் போய் ஒரு பக்க ரெஸ்யூமே கொடுப்பது அங்கே இன்றும் எடுபடுகிறது. ஆறு மாதம் என்று மனதில் கெடு வைத்துக்கொண்டு சேருங்கள். 14 மாத இடைவெளியைக் கேட்டால் ஒரே வரி: தேடினேன், இதற்கிடையில் இதைச் செய்து பழகினேன். விளக்கம் நீள நீளத்தான் சந்தேகம் வரும்.

சம்பளமில்லாத பயிற்சிக்குப் போகும்முன் மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள். யார் எனக்குக் கற்றுத் தருவார்? எந்த வேலை என் கையில் வரும்? எந்தத் தேதியில் முடியும்? மூன்றில் ஒன்றுக்குப் பதில் மழுப்பலாக வந்தாலும் வேண்டாம். மூன்றும் தெளிவாக இருந்தால்கூட எட்டு வாரத்துக்கு மேல் ஒப்புக்கொள்ளாதீர்கள்; அதற்குமேல் ஓசி உழைப்பு.

ஏஜென்சிக்கு ஒரு காசும் கட்டாதீர்கள். தனியார் வேலைவாய்ப்பு நிறுவனங்கள் வேலை தேடுபவரிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்கக் கூடாது என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997-ஆம் ஆண்டு 181-ஆம் எண் உடன்படிக்கையின் பொது விதி. விதிவிலக்கை அனுமதிக்கும் நாடுகள் உண்டு, உடன்படிக்கையில் சேராத நாடுகளும் உண்டு. ஆனாலும் முறையாக நடத்துகிறவர்கள் ஆள் எடுக்கும் நிறுவனத்திடம்தான் பணம் வாங்குவார்கள். பதிவு, பயிற்சி, சீருடை, லேப்டாப் வைப்புத்தொகை, 'சேர்ந்ததும் திருப்பித் தருவோம்' என்று பெயர் எதுவானாலும் பதில் ஒன்றே. அசல் சான்றிதழ்களை ஒப்படைக்கச் சொன்னாலும், நேர்முகமே இல்லாமல் சாட்டில் நியமனக் கடிதம் அனுப்பினாலும், ஓ.டி.பி. கேட்டாலும் அந்த எண்ணைத் தடை செய்துவிடுங்கள். நிறுவனத்தின் பெயரைச் சொல்லி அழைத்திருந்தால், அவர்களுடைய இணையதளத்தில் இருக்கும் எண்ணுக்கு நீங்களே போன் செய்து அப்படி ஒரு வேலை இருக்கிறதா என்று விசாரியுங்கள்.