பாக்கெட்டில் ஒரு மடக்குக் கத்தி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மடக்குக் கத்தி பற்றி வந்த கடிதங்களில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். மிச்சம் கீழே.

கேள்வி: தினமும் பாக்கெட்டில் வைத்துக்கொள்ள ஒரு மடக்குக் கத்தி வாங்கலாம் என்றிருக்கிறேன். பார்சல் பிரிக்க, கயிறு அறுக்க, எப்போதாவது பழம் நறுக்க, அவ்வளவுதான் வேலை. எவ்வளவு நீளம், என்ன மாதிரி வாங்கலாம் சார்? (அலுவலக ஊழியர்)

என்ன வேலை என்பதை நீங்களே எழுதிவிட்டதால் எனக்குப் பாதி வேலை மிச்சம். பலர் கத்தியை முதலில் வாங்கிவிட்டு அப்புறம்தான் அதற்கு வேலை தேடுகிறார்கள், அதனால்தான் காட்டில் மரம் பிளக்கிற மாதிரி ஒரு முரட்டுக் கத்தி மேஜை டிராயரில் கிடக்கிறது. நீங்கள் சொன்ன வேலைகளுக்கு 5 முதல் 7 செ.மீ. பிளேடு தாராளம். பார்சல் டேப்பைக் கிழிக்க முனையில் சில மில்லிமீட்டர்தான் உள்ளே போக வேண்டும், அதற்கு மேல் போனால் உள்ளே இருக்கிற பொருளும் சேர்ந்து கிழியும்.

நீளத்தைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள், தடிமனைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எனக்கு முக்கியம் அதுதான். கத்தியை மேலிருந்து, அதாவது முதுகுப் பக்கமிருந்து பாருங்கள். முதுகு 3, 4 மி.மீ. தடித்து, கூர் வரும் இடத்திலும் அதே கனத்தில் இருந்தால், அது எவ்வளவு விலை உயர்ந்த எஃகாக இருந்தாலும் பழத்தை நறுக்காது, பிளக்கும். அட்டைப்பெட்டியில் பாதி போய் மாட்டிக்கொள்ளும். 2 மி.மீ. சுமாருக்கு மெலிந்த முதுகும், அங்கிருந்து கூர் வரை தட்டையாக இறங்குகிற பிளேடும் இருந்தால், சாதாரண எஃகிலேயே வெண்ணெய் மாதிரி போகும். அதோடு முனை ரொம்பக் குத்தலாக இல்லாமல், தாழ்வாக, நேராக இருந்தால் பெட்டி பிரிக்க வசதி.

உதாரணத்துக்கு இரண்டு சொல்கிறேன். சுவிஸ் நிறுவனமான விக்டோரிநாக்ஸின், மடக்கினால் 58 மி.மீ. நீளமுள்ள குட்டிக் கத்தி சாவிக்கொத்தில் தொங்குவதே தெரியாது, எடை 20 கிராம் சுமார், கத்தரிக்கோலும் சேர்த்து. அதில் பிளேடை விட எனக்கு அந்தக் கத்தரிக்கோல்தான் அதிகம் உழைக்கிறது. கொஞ்சம் பெரிதாக வேண்டுமென்றால் அதே நிறுவனத்தின் 91 மி.மீ. வகை, அதுவும் மடக்கிய நீளம்தான். 1897-ல் சட்டப்படி பதிவான அதிகாரிகளின் கத்தி என்ற வடிவம்தான் இன்றைக்கும் சின்னச் சின்ன மாற்றங்களோடு ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டாவது, பிரான்சின் சவோய் பகுதியில் 1890-ல் பிறந்த ஓப்பினெல். மரப்பிடி, மெல்லிய பிளேடு, 8-ம் நம்பர் என்றால் பிளேடு மட்டும் 8.5 செ.மீ. நறுக்குகிற சுகத்துக்கு அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் ஈரம் பட்டால் மரம் ஊதி, பிளேடு பிடிக்குள் இறுகிக்கொள்ளும், திறக்க நகம் போதாது. அதைத் தெரிந்தே வாங்குங்கள்.

கேள்வி: பூட்டு உள்ள கத்திதான் பாதுகாப்பு, பூட்டு இல்லாதது விரலில் மடங்கிவிடும் என்கிறான் என் தம்பி. சரியா? (எலக்ட்ரீஷியன்)

பாதி சரி. பூட்டு இல்லாத வகையில் முதுகுப் பக்கம் ஒரு பட்டை ஸ்பிரிங் இருக்கும், அது பிளேடின் அடிப்பகுதியை அழுத்திப் பிடிக்கிறது, அவ்வளவே. வெட்டும்போது விசை கூரின் மேல் விழுகிறது, அது பிளேடை இன்னும் திறக்கிற திசை, அதனால் மடங்காது. குத்தும்போதோ, மாட்டிக்கொண்ட பிளேடை ஆட்டி இழுக்கும்போதோ விசை முதுகுப் பக்கம் திரும்புகிறது. அப்போதுதான் மடங்கும், விரலும் சரியாக அங்கேதான் இருக்கும். உங்கள் தொழிலில் வயர் உரிக்கும்போது இழுத்து வெட்டுவீர்கள், சில சமயம் துளை போடவும் கத்தியைத்தான் எடுப்பீர்கள். துளை போடுகிற பழக்கம் இருந்தால் பூட்டு வேண்டும். இல்லையென்றால் ஊசிக்கருவி உள்ள கத்தியாக வாங்கி, துளையை அதற்கு விட்டுவிடுங்கள். (மின்சாரம் ஓடுகிற வயரில் கத்தி வைக்கக்கூடாது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.)

பூட்டுகளில் பல வகை. பிடியின் முதுகில் அமுக்கி விடுவிக்கும் பூட்டை உலகமெங்கும் பிரபலமாக்கியது 1964-ல் வந்த பக் 110. நல்ல கத்தி, ஆனால் 200 கிராம், பாக்கெட்டில் போட்டால் பேண்ட் ஒரு பக்கம் சாயும், அதனால்தான் அதைப் பெல்ட் உறையோடு விற்கிறார்கள். பிடிக்குள் இருக்கும் தகடு பக்கவாட்டில் நகர்ந்து பிளேடைத் தாங்குவது இன்னொரு வகை, லைனர் லாக் என்பார்கள். ஓப்பினெலில் 1955-லிருந்து ஒரு சுழலும் வளையம், எளிது, பார்த்தாலே பூட்டியிருக்கிறதா இல்லையா தெரியும்.

லைனர் லாக்கில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மூடும்போது தகட்டைத் தள்ளுகிற கட்டைவிரல் பிளேடு வந்து இறங்குகிற பாதையிலேயே இருக்கும். ஆகவே தகட்டைத் தள்ளி, பிளேடைக் கால்வாசி மடக்கி, அங்கே நிறுத்தி, கட்டைவிரலை எடுத்து, பிறகு மற்றக் கையால் முதுகைத் தள்ளி மூடுங்கள். வாங்கும்போது திறந்து பார்த்து, தகடு பிளேடின் அடியில் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா, ஓரத்தில் நுனி மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். நுனி மட்டும் என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முதுகை மேஜையில் ஓங்கித் தட்டிப் பூட்டைச் சோதிக்கும் வித்தை வேண்டாம், நல்ல பூட்டும் அதில் கெடும்.

தம்பியிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். பூட்டு இருக்கிற கத்தியை முழுதாக நம்பி அழுத்துகிறவனை விட, பூட்டு இல்லாததை ஜாக்கிரதையாகப் பிடிக்கிறவன் கையில்தான் காயம் குறைவு.

கேள்வி: 8சிஆர்13எம்ஓவி, டி2, 14சி28என், எஸ்30வி... இந்த எஃகுப் பெயர்களைப் படித்து மண்டை காய்கிறது. எதை வாங்குவது? (கல்லூரி மாணவர்)

இவற்றில் சில பெயர்களிலேயே கணக்கு இருக்கிறது. 8சிஆர்13எம்ஓவி என்றால் சுமார் 0.8 சதவீதம் கார்பன், 13 சதவீதம் குரோமியம். 14சி28என்-ல் குரோமியம் 14. கார்பன்தான் கடினம் தருவது, குரோமியம்தான் துருவைத் தடுப்பது. டி2-வில் குரோமியம் 12 சுமாருக்கு இருந்தும் அதில் பெரும்பகுதி 1.5 சதவீதக் கார்பனோடு சேர்ந்து கடினத் துகளாகிவிடுவதால், ஈரத்தில் விட்டால் புள்ளி விழும். எஸ்30வி-யில் வனேடியம் என்ற உலோகத்தைச் சேர்த்திருப்பதால் கூர் நாள்பட நிற்கும், ஆனால் மழுங்கியபின் சாதாரணக் கல்லில் அதை மீட்பது ஒரு மாலை வேலை.

விக்டோரிநாக்ஸ் கத்தி, எஃகின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவில் 56 சுமார்தான், மென்மை என்று ரசிகர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். எனக்கு அதுவே பிடித்திருக்கிறது. பீங்கான் கோப்பையின் அடியில் பூச்சு இல்லாத விளிம்பு இருக்குமே, அதில் நாலு தடவை இழுத்தால் கூர் திரும்ப வந்துவிடும். நீங்கள் மாணவர், எஃகுக்குக் கொடுக்கிற கூடுதல் பணத்தில் ஒரு நல்ல சாணைக்கல் வாங்குங்கள்.

கேள்வி: தற்காப்புக்கு ஒரு கத்தி வைத்துக்கொள்ளலாமா? இரவில் தனியாக வருகிறேன். (பெயர் வேண்டாம் என்ற வாசகி)

வேண்டாம் அம்மா. மடக்குக் கத்தியை எடுத்து, திறந்து, பிடிப்பதற்குள் எதிராளி பக்கத்தில் வந்துவிடுவான், பறிபோனால் அது அவன் கையில். அப்புறம் சட்டமும் உங்கள் பக்கம் இருக்காது, ஏன் வைத்திருந்தாய் என்ற கேள்விக்குத் தற்காப்பு என்று சொன்னால் பல நாடுகளில் அந்தப் பதிலே குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி. சத்தமாக அலறும் சின்ன அலாரமும், யாரிடமாவது போனில் பேசிக்கொண்டே வருவதும், ஓடத் தோதான செருப்பும் இதை விட உதவும்.

கேள்வி: வேலை விஷயமாகப் பல நாடுகளுக்குப் போகிறேன். கத்தியை எடுத்துப் போகலாமா? (விற்பனைப் பிரதிநிதி)

விமானத்தில் கைப்பையில் வேண்டவே வேண்டாம். 2001 செப்டம்பர் தாக்குதலுக்கு முன் அமெரிக்க விமானங்களில் சின்னக் கத்தியோடு ஏற முடிந்தது, அந்தக் காலம் போய்விட்டது. 2013-ல் 6 செ.மீ.க்குள் இருந்தால் அனுமதிக்கலாம் என்று அங்கே ஒரு அறிவிப்பு வந்து, விமானப் பணியாளர்கள் எதிர்த்ததும் அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். எடுத்துத்தான் போக வேண்டும் என்றால் செக்-இன் பெட்டியில், மடக்கிச் சுற்றி வையுங்கள். சாவிக்கொத்தில் தொங்குகிற குட்டிக் கத்தியைத்தான் எல்லோரும் மறப்பார்கள், முந்தின இரவே கழற்றிவிடுங்கள்.

இறங்கிய பிறகு ஒவ்வொரு ஊரும் ஒரு கதை. பிரிட்டனில் மடங்குகிற, பூட்டு இல்லாத, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு, அதாவது 7.62 செ.மீ.க்கு மேற்படாத கத்தியைக் காரணம் சொல்லாமலே வைத்திருக்கலாம். அதே நீளத்தில் பூட்டு இருந்தால் தக்க காரணம் வேண்டும். ஜெர்மனியில் ஒரே கையால் திறந்து பூட்டிக்கொள்கிற கத்தியை வெளியே கொண்டுபோகத் தடை, தகுந்த தேவை இருந்தால் விலக்கு உண்டு. ஜப்பானில் 6 செ.மீ.க்கு மேல் என்றால் வேலை நிமித்தமோ வேறு நியாயமான காரணமோ காட்ட வேண்டும், அதற்குக் குறைந்ததையும் காரணமின்றி மறைத்து வைத்திருந்தால் சிக்கல் வரலாம். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் சின்ன, பூட்டு இல்லாத, இரண்டு கையால் திறக்கிற கத்திதான் குறைந்த தலைவலி. ஆனாலும் பள்ளி, நீதிமன்றம், விமான நிலையம், கூட்டமான நிகழ்ச்சி என்று இடத்துக்கு இடம் தனி விதிகள் இருக்கும், விதிகளும் மாறும். போகிற நாட்டின் அரசு இணையதளத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கேள்வி: பாக்கெட்டில் எப்படி வைப்பது? சில்லறை, சாவியோடு கிடந்து கீறல் விழுகிறது. (டெலிவரி ஊழியர்)

கீறல் விழட்டும், அது வேலை செய்கிற பொருள். தொந்தரவு என்றால் கிளிப் உள்ளதாக வாங்குங்கள். 1981-ல் ஸ்பைடர்கோ நிறுவனம் கிளிப்போடு கத்தி விற்கத் தொடங்கியதிலிருந்து அது பரவிவிட்டது. பாக்கெட் விளிம்பில் மாட்டினால் அடியில் புரளாது, ஆனால் வெளியே தெரியும், சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்குத் தெரியாமல் இருப்பதே பிடிக்கும், அதனால் மெல்லிய துணிப்பை அல்லது உள்பாக்கெட். ஒன்று மட்டும், பின்பாக்கெட்டில் வைத்து உட்காராதீர்கள்.

கேள்வி: இடதுகைப் பழக்கம். எதை வாங்கலாம்? (பள்ளி ஆசிரியை)

லைனர் லாக் பெரும்பாலும் வலது கட்டைவிரலுக்கே செய்திருப்பார்கள், உங்களுக்குத் தள்ள சிரமம். முதுகில் அமுக்கும் பூட்டு இரண்டு கைக்கும் ஒன்றே. கிளிப்பை மறுபக்கம் மாற்றத் துளை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: சாணைக்கல் வாங்கினேன், எவ்வளவு தேய்த்தும் கூர் வரவில்லை. எங்கே தப்பு? (ஓய்வுபெற்றவர்)

பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு இடத்தில் தப்பு, ஐயா. ஒன்று கோணம், இன்னொன்று பொறுமை.

கோணத்துக்கு ஒரு கணக்கு. உங்கள் பிளேடின் அகலம் 15 மி.மீ. என்றால், முதுகைக் கல்லிலிருந்து 4 முதல் 5 மி.மீ. தூக்கிப் பிடித்தால் அது 15 முதல் 20 டிகிரி, பாக்கெட் கத்திக்கு அதுதான் வேண்டும். இரண்டு மூன்று நாணயத்தை அடுக்கி உயரம் பார்த்துக்கொள்ளுங்கள். கூரின் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் கறுப்புக் கோடு போட்டு நாலு தடவை தேயுங்கள். கறுப்பு கூரின் நுனி வரை அழிந்திருந்தால் கோணம் சரி, மேலே மட்டும் அழிந்தால் இன்னும் தூக்க வேண்டும், நுனியில் மட்டும் அழிந்தால் அதிகம் தூக்கிவிட்டீர்கள்.

ஒரு பக்கமே தேயுங்கள். அடிக்கொருதரம் பக்கம் மாற்றுவதால்தான் வேலை முடிவதில்லை. மறுபக்கத்தில் கட்டைவிரலை முதுகிலிருந்து கூரை நோக்கி, அதாவது கூருக்கு வெளியே போகிற மாதிரி மெல்ல இழுத்துப் பார்த்தால் ஒரு கட்டத்தில் சின்னப் பிசிறு தட்டும், நைலான் நூல் ஒட்டிய மாதிரி. கூரின் நெடுக அது வரும்வரை அந்தப் பக்கத்தை விடாதீர்கள். வந்தபின் மறுபக்கம் அதே மாதிரி. அப்புறம் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே பக்கம் மாற்றி மாற்றி சில இழுப்பு, கடைசியில் பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்தில் முதுகு முன்னே போகிற திசையில் இழுத்துவிட்டால் பிசிறு உதிரும். 1000 எண் கல் வழக்கமான வேலைக்குப் போதும், வாய் உடைந்திருந்தால் மட்டும் 400 (எண் குறையக் குறையக் கல் முரடு). நடுவில் வைத்து இழுக்கிற வி வடிவ கார்பைடு கருவி அவசரத்துக்கு ஆகும், ஆனால் அது தீட்டுவதில்லை, இரும்பைச் சுரண்டுகிறது.

கேள்வி: பேண்ட் பாக்கெட்டோடு வாஷிங் மெஷினில் போய்விட்டது. இப்போது திறக்கவே இறுக்கமாக இருக்கிறது. எண்ணெய் விடலாமா? (இல்லத்தரசி)

எண்ணெய் பிறகு. முதலில் பிடிக்குள் பாருங்கள், சோப்புத்தூளும் பாக்கெட் பஞ்சும் சேர்ந்து பசை மாதிரி இறுகியிருக்கும், அதன்மேல் எண்ணெய் விட்டால் இன்னும் கெட்டியாகும். வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கி, தண்ணீருக்குள்ளேயே பலமுறை திறந்து மூடி, பல் குத்தும் குச்சியால் பஞ்சை எடுங்கள். மரப்பிடி என்றால் முக்காதீர்கள், ஈரத்துணியால் துடைத்து, திறந்தே வைத்து நாலைந்து நாள் நிழலில் காயவிடுங்கள், வெயிலில் வைத்தால் மரம் வெடிக்கும். நன்றாகக் காய்ந்தபின் பிளேடு சுழலும் ஆணியில் ஒரே ஒரு சொட்டு. சமையல் எண்ணெய் வேண்டாம், அது நாளாக நாளாகப் பிசினாகிவிடும். மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் போதும், பழம் நறுக்கினாலும் பயமில்லை. கார்பன் எஃகு பிளேடு என்றால் செந்துருவை மட்டும் தேய்த்து எடுங்கள், சாம்பலும் நீலமுமாகப் படிந்திருக்கிற கறையை விட்டுவிடுங்கள்.