குவைத் வேலையா, குழந்தையோடு இருப்பதா?

கேள்வி: நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். குவைத்தில் இரண்டு வருட ஒப்பந்தத்தில் வேலை வந்திருக்கிறது. கணவருக்குச் சம்மதம்தான். மகளுக்கு ஆறு வயது. ஜெபித்தால் ஒருநாள் ‘போ’ என்கிறது மனசு, மறுநாள் ‘வேண்டாம்’ என்கிறது. கடவுளின் சித்தம் எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? எதைத் தேர்ந்தெடுத்தாலும் சந்தோஷமாக இருக்க மாட்டேனோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: அன்புச் சகோதரி, மனசு மாறி மாறிப் பேசுகிறதே என்று கலங்காதீர்கள். கவனிக்க வேண்டியதே அந்த மாற்றத்தைத்தான். 1521-ல் ஸ்பெயினின் பாம்ப்லோனா சண்டையில் பீரங்கிக் குண்டுபட்டுக் கால் உடைந்து, வீட்டில் படுத்துக் கிடந்தார், பிற்பாடு இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார். வீரனாகப் பேர் வாங்கி ஒரு சீமாட்டியின் மனம் கவர்வதாகக் கற்பனை செய்வார். புனிதர்களைப்போல வாழ்வதாகவும் கற்பனை செய்வார். நினைக்கிற நேரத்தில் இரண்டுமே இனித்தன. நினைத்து முடித்த பிறகு முதல் கற்பனை மனதை வறட்சியாக்கியது, இரண்டாவதன் மகிழ்ச்சி அப்படியே தங்கியது. மனதின் அசைவுகளைக் கவனித்துக் கடவுளின் சித்தத்தைக் கண்டுகொள்ள இயேசு சபையினர் இன்றுவரை சொல்லித்தரும் ‘தேர்ந்து தெளிதல்’ இங்கிருந்துதான் தொடங்குகிறது.

முதலில் கேள்வியைத் திருத்துங்கள். ‘வெளிநாடு போகலாமா’ என்பது ஜெபிப்பதற்குரிய கேள்வி அல்ல, அது மிகவும் பரந்தது. ‘இந்த மருத்துவமனை, இந்தச் சம்பளம், இரண்டு வருடம், மகள் இன்னாரிடம்’ என்று எழுதுங்கள். விடுப்பு எப்போது, ஒப்பந்தத்தை இடையில் முறித்தால் என்ன பிடித்தம், ஏஜென்ட், வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கான மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பதிவானவரா என்பதை எல்லாம் விசாரியுங்கள். விசாரிக்காமல் ஜெபித்தால் பயமும் ஆசையும்தான் பதில் சொல்லும்.

அடுத்து, ஒரு வாரம் ஒதுக்குங்கள். முதல் மூன்று நாள் ‘போவதாக முடிவாகிவிட்டது’ என்றே வைத்துக்கொண்டு வேலை பாருங்கள், சமையுங்கள், மகளைப் பள்ளிக்கு அனுப்புங்கள். அடுத்த மூன்று நாள் ‘போகவில்லை’ என்று. தினமும் இரவில் 15 நிமிடம் அமர்ந்து, அன்றைய நாளுக்கு நன்றி சொல்லி, தெளிவு கேட்டு, காலையிலிருந்து நடந்ததை வரிசையாகத் திரும்பிப் பாருங்கள். எந்த எண்ணத்துக்குப் பிறகு மனம் விரிந்தது, எதற்குப் பிறகு சுருங்கியது என்று நோட்டில் இரண்டு வரி போதும். நைட் டூட்டி முடித்து வந்த களைப்பில் எழுதினால் அதையும் ஓரத்தில் குறித்துவிடுங்கள். களைப்பைக் கடவுளின் குரல் என்று எடுத்துக்கொள்வதுதான் இதில் அதிகம் நடக்கும் தவறு.

ஏழாம் நாள் நான்கு பத்தி போடுங்கள்: போனால் நன்மை, போனால் கேடு, இருந்தால் நன்மை, இருந்தால் கேடு. ‘நன்மை, கேடு’ என்று இரண்டே பத்தியில் எழுதினால் ‘இருப்பது’ கேள்வி கேட்கப்படாமலே தப்பிவிடும். எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், ‘நகைக்கடன் அடையும்’ என்பதும் ‘அண்ணி வாயை அடைக்கலாம்’ என்பதும் ஒரே எடை அல்ல. பிறகு இஞ்ஞாசியார் சொன்ன இன்னொரு வழி: முன்பின் தெரியாத ஒரு பெண் இதே நிலைமையோடு வந்தால் என்ன சொல்வீர்கள்? அதை எழுதி, நீங்களே வாசியுங்கள்.

இதற்கெல்லாம் அடிப்படை ஒன்று உண்டு. துலாக்கோலின் முள் நடுவில் நிற்பதுபோல, எந்தப் பக்கமும் சாயாமல் தொடங்க வேண்டும். முன்கூட்டியே முடிவெடுத்துவிட்டு அதற்குக் கடவுளின் கையெழுத்தைக் கேட்கிறோமா என்று நேர்மையாகப் பாருங்கள். சாய்வு இருந்தால் அதையே ஜெபத்தில் சொல்லிவிடுங்கள். பங்குத்தந்தையிடமோ அருள்சகோதரியிடமோ பேசலாம். ஆனால் ‘போ’, ‘போகாதே’ என்று அவர்கள் சொல்லக் கூடாது. வழிகாட்டியும் நடுவில் நிற்க வேண்டும் என்பது இஞ்ஞாசியாரே வைத்த விதி. கணவரின் சம்மதம் எப்படிப்பட்டது என்பதையும் கேளுங்கள். விருப்பமா, உங்களைத் தடுக்கக் கூடாது என்ற தயக்கமா?

முடிவெடுத்ததும் ஏஜென்சிக்கு உடனே போன் செய்யாதீர்கள். அதை ஜெபத்தில் ஒப்படைத்து, சில நாள் வைத்திருங்கள். அமைதி தங்கினால் சொல்லுங்கள். சொன்ன பிறகு ஏதோ ஓர் இரவு மனம் இருண்டு, எல்லாம் தப்பு என்று தோன்றும். அந்த இருட்டில் முடிவை மாற்றவே கூடாது. தெளிவாக இருந்தபோது எடுத்ததில் நில்லுங்கள். இரண்டு வாரமாகத் தூக்கமும் பசியும் இல்லை என்றால் மட்டும் ஜெபத்தோடு நிறுத்தாமல் மருத்துவரையும் பாருங்கள்.

ஏஜென்சி அவசரப்படுத்தினால் கூடுதல் அவகாசம் கேளுங்கள். தன் சபையின் கோவில்களுக்கு நிலையான வருமானம் வைத்துக்கொள்ளலாமா என்ற ஒரே கேள்விக்காக இஞ்ஞாசியார் 1544-ல் 40 நாள் ஜெபித்துக் குறிப்பெழுதினார்.