அநியாயத்துக்கு இங்கிலீஷில் என்ன சொல்வது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ‘இன்ஜஸ்டிஸ்’ என்ற ஒரு சொல்லையே சுற்றி வந்தன. வியாசர்பாடியில் என்னிடம் டியூஷனுக்கு வரும் பிள்ளைகளும் அடிக்கடி தடுக்கி விழுகிற இடம் இது. அதனால் எல்லாவற்றையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டேன்.

மிஸ், ‘அன்ஜஸ்ட்’ சரி என்கிறார்கள், ‘அன்ஜஸ்டிஸ்’ தப்பு என்கிறார்கள். ஏன்? (கல்லூரி மாணவி, தண்டையார்பேட்டை)

‘அன்’ ஆங்கிலத்தின் சொந்தச் சரக்கு. ‘இன்’ லத்தீனில் பிறந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ‘இன்ஜஸ்டிஸ்’ முழுச் சொல்லாகவே பிரெஞ்சிலிருந்து வந்து இறங்கியது, ‘ஜஸ்ட்’ தனியாக வந்ததால் அதன் முன்னால் ஆங்கிலக்காரர்கள் தங்கள் ‘அன்’னை ஒட்டிக்கொண்டார்கள். அன்ஈக்வல் ஆனால் இன்ஈக்வாலிட்டி, அன்ஏபிள் ஆனால் இன்எபிலிட்டி என்று இதே கதை வேறு சொற்களிலும் உண்டு. ஜோடியாக மனப்பாடம் செய்துவிடுங்கள்.

‘இன்ஜஸ்டிஸஸ்’ என்று பன்மை போடலாமா?

போடலாம். பொதுவாக அநீதி என்று சொல்லும்போது ஒருமை. தனித்தனியாக எண்ணிச் சொல்லக்கூடிய செயல்கள் என்றால் ‘ஆன் இன்ஜஸ்டிஸ்’, ‘மெனி இன்ஜஸ்டிஸஸ்’.

என் பையன் வீட்டில் பண்ணுகிற அட்ராசிட்டி தாங்கவில்லை. இதை அப்படியே இங்கிலீஷில் எழுதலாமா மேடம்? (பெரம்பூர்)

வேண்டாங்க. நாம் பேச்சில் சேட்டைக்கு ‘அட்ராசிட்டி’ என்கிறோம். ஆங்கிலத்தில் அதைப் படிப்பவர் மனதில் வருவது கொலை, சித்திரவதை, ஊரைக் கொளுத்துவது. லத்தீனில் அதன் வேருக்கே கொடூரம் என்றுதான் பொருள். நம் நாட்டில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு கனமும் இருக்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான கொடுமைகளைத் தடுக்க 1989-ல் ஒரு சட்டம் வந்து, 1990 ஜனவரி 30-ல் நடைமுறைக்கு வந்தது. தமிழில் வன்கொடுமை தடுப்புச் சட்டம் என்கிறோமே, அதன் ஆங்கிலப் பெயரில் இருப்பது இந்த அட்ராசிட்டிதான். தின்னத் தகாததை வாயில் திணிப்பது, ஆடையை உருவித் தெருவில் நடக்க வைப்பது, நிலத்தைப் பிடுங்கிக்கொள்வது, குடிக்கிற தண்ணீரைப் பாழாக்குவது, இதெல்லாம் அந்தச் சட்டம் பெயர் சொல்லிக் குற்றம் என்கிற செயல்கள். இதை அனுபவித்துவிட்டு ஸ்டேஷன் வாசலில் புகார் மனுவோடு நிற்பவருக்கு அந்தச் சொல் ஒன்றுதான் கையில் இருக்கிறது. அதைக் குழந்தையின் சேட்டைக்குக் கரைத்துவிடக் கூடாது என்று நான் மனதார நினைக்கிறேன். பையனுக்கு ‘நாட்டி’ போதும், கொஞ்சம் ஓவர் என்றால் ‘மிஸ்சிவஸ்’. ஆனால் கையெழுத்து படுமோசம் என்பதற்கு ‘அட்ராஷியஸ் ஹேண்ட்ரைட்டிங்’ என்று ஆங்கிலக்காரர்களே சொல்வார்கள், அது தப்பில்லை.

‘அநியாய விலை’க்கு ‘இன்ஜஸ்டிஸ் ப்ரைஸ்’ சரியா?

இல்லை. ‘அன்ஃபேர் ப்ரைஸ்’, இன்னும் அழுத்தம் வேண்டுமென்றால் ‘எக்ஸார்பிட்டன்ட்’. அப்புறம், ‘அநியாயத்துக்கு நல்லவன்’ என்கிறோமே, அதில் அநீதியே இல்லை, ‘ரொம்ப’ என்பதற்குப் பதிலாகத்தான் வருகிறது. அங்கே ‘டூ’, ‘இன்கிரெடிப்ளி’ போட்டுக்கொள்ளுங்கள்.

அக்கா, நான் எண்ணூர் காட்டுக்குப்பம். எண்ணெய்க் கசிவு நிவாரணம் பற்றி இங்கிலீஷில் மனு எழுதியிருக்கிறேன். ‘கிரேட் இன்ஜஸ்டிஸ் ஹேஸ் பீன் டன் டு அஸ்’ என்று ஆரம்பித்தது சரியா?

இலக்கணம் சரிதான் தம்பி. ஆனால் ‘ஹேஸ் பீன் டன்’ என்றவுடன் செய்தவர் யார் என்பது காணாமல் போகிறது. தமிழில் ‘அநியாயம் நடந்துவிட்டது’ என்று எழுதினாலும் இதேதான். படிக்கிற அதிகாரி மேஜையில் அப்படித் தொடங்கும் மனுக்கள் கட்டுக்கட்டாக இருக்கும்.

நீங்கள் அனுப்பிய தாளில் இரண்டாம் பக்கக் கடைசியில், அடித்து மேலே திருத்தி எழுதிய ஒரு வரி இருக்கிறது பாருங்கள்: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் முகத்துவாரத்துக்கு வந்த பிறகு, உங்கள் அம்மா கழிமுகத்தில் இறங்கிக் கையால் இறால் தடவப் போக முடியவில்லை, படகு இல்லை என்பதால் நிவாரணப் பட்டியலில் அவர் பெயரும் இல்லை. அதை முதல் வரிக்குக் கொண்டு வாருங்கள். யார் பட்டியல் எடுத்தார்கள், எந்தத் தேதி, யாரைக் கேட்டார்கள், யாரைக் கேட்காமல் விட்டார்கள் என்று ‘தே டிட் நாட் என்டர் மை மதர்ஸ் நேம்’ மாதிரி நேராகச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு ‘திஸ் இஸ் ஆன் இன்ஜஸ்டிஸ்’ என்று ஒரே ஒரு முறை. ‘கிரேட்’டை எடுத்துவிடுங்கள், உங்கள் அம்மாவின் கதைக்கு அது தேவையே இல்லை.

திருத்தி எழுதியதும் மறுபடி அனுப்புங்கள், கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துத் தருகிறேன்.